மூட்டிலிருந்து எடுத்த கிருமியைத் தூக்கி எறிய வேண்டாம்

மூட்டு மாற்று அறுவை செய்யும் மருத்துவர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறேன். செயற்கை மூட்டைச் சுற்றியுள்ள திசுவை நீங்கள் வெட்டியெடுத்துக் குப்பிகளில் இட்டு அனுப்பும்போது, அவற்றைப் பெற்று, அரைத்து, வளர்தட்டுகளில் பரப்பி, பதினான்கு நாள் வரை காத்திருந்து, எந்தக் கிருமி வளர்ந்தது, எந்த மருந்துக்கு அது மடிகிறது என்று எழுதி அனுப்புபவர்களுள் நானும் ஒருத்தி. உங்கள் நோயாளிகளின் முகம் எனக்குத் தெரியாது. அவர்களுடைய மூட்டுக்குள் குடியேறிய கிருமிகளை அறிவேன். சிலவற்றை ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம் தந்த உரிமையில்தான் இம்மடலை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரே முழங்காலின் மாதிரி எங்களிடம் நான்காம் முறையாக வந்தது. முதல் முறை மூட்டை எடுக்காமல் திசுவைச் சுரண்டிக் கழுவியிருந்தார்கள். அடுத்து மாதக்கணக்கில் மாத்திரை. பிறகு மூட்டை முழுவதுமாக எடுத்து, அந்த இடத்தில் மருந்து கலந்த சிமெண்டாலான தற்காலிக இடைக்கட்டையை (ஸ்பேசர்) வைத்து, காத்திருந்து, புதிய மூட்டைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு முறையும் தட்டில் வளர்ந்தது அதே ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. மருந்துகளுக்கு அது காட்டிய எதிர்ப்பும் மாறவில்லை. நான்காம் முறை, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜைக் கொண்டு செய்யும் சிகிச்சைக்கு வழியுண்டா என்று அறுவை மருத்துவர் கேட்டார். ஃபேஜ் சேகரிப்பு வைத்திருந்த ஓர் ஆய்வுக்கூடம் உதவ முன்வந்து, அந்த நோயாளியின் கிருமியை அனுப்பச் சொன்னது. எங்களிடம் அது இல்லை. அறிக்கை அனுப்பியதும் தட்டுகளை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலத்தில் வேகவைத்துக் கழிவில் சேர்ப்பதே எங்கள் வழக்கமாக இருந்தது. நோயாளி அப்போது நுண்ணுயிர்க்கொல்லி எடுத்துக்கொண்டிருந்ததால், புதிதாக எடுத்த மூட்டுத் திரவத்தில் எதுவும் வளரவில்லை. கிருமி கையில் இல்லாமல் அதற்கேற்ற ஃபேஜைத் தேட முடியாது. தோலில் திறந்திருந்த துளையிலிருந்து சீழ் வடிவது நிற்கவில்லை. சில மாதங்களில் அந்தக் கால் தொடையளவில் அகற்றப்பட்டது.

ஃபேஜ் கொடுத்திருந்தால் அந்தக் கால் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்று யாரிடமும் இல்லை. முயன்று பார்க்கும் வாய்ப்பை மறுத்தது எங்கள் ஆய்வகத்தின் கழிவுத் தொட்டி என்பதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. எனவே உங்களிடம் கேட்கிறேன்: செயற்கை மூட்டில் தொற்று என்று ஐயுற்று நீங்கள் எடுக்கும் முதல் மாதிரியில் வளரும் கிருமியையே சேமித்து வைக்கச் சொல்லுங்கள், ஃபேஜ் பற்றிய கேள்வியை எல்லா வழியும் அடைபட்ட பிறகு கேட்காமல், மறு அறுவைக்கு நாள் குறிக்கும்போதே கேளுங்கள்.

இந்த வேண்டுகோளின் காரணத்தை விளக்க, நீங்கள் நன்கறிந்த ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மனிதத் தோலில் எலெக், கோனென் இருவரும் செய்து 1957இல் வெளியிட்ட சோதனையில், வெறும் தோலுக்கடியில் சீழ் உண்டாக்கப் பத்து லட்சக்கணக்கான ஸ்டாஃபிலோகாக்கஸ் தேவைப்பட்டது. பட்டுத் தையல் நூல் ஒன்று அங்கே இருந்தபோது சில நூறே போதுமானதாக இருந்தது. நூலுக்கே இப்படியென்றால், உள்ளங்கை அளவு உலோகமும் பாலிஎதிலீனும் எத்தனை சிறிய பிழையையும் தொற்றாக்கிவிடும் என்பதை அறுவை மருத்துவர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு இன்றைய வடிவம் தந்த ஜான் சார்ன்லி, 1960களில் தன் அறுவை அரங்கின் காற்றையே வடிகட்டத் தொடங்கியது இதனால்தான். இன்று முதன்முறை பொருத்தப்படும் மூட்டுகளில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டில்தான் தொற்று வருகிறது. விழுக்காடாகப் பார்த்தால் அது சிறிது. அந்த ஒன்றிரண்டில் அகப்பட்டவருக்கோ அடுத்த பல ஆண்டுகள் அறுவை அரங்குக்கும் படுக்கைக்கும் இடையிலேயே கழிகின்றன.

மூட்டின் மேல் ஒட்டிய கிருமி சில நாட்களில் தன்னைச் சுற்றிச் சர்க்கரைப் பொருள், புரதம், சிதைந்த செல்களின் டிஎன்ஏ ஆகியவற்றாலான ஓர் உறையை நெய்துகொள்கிறது. உயிர்ப்படலம் என்று நாம் சொல்லும் அந்த உறைக்குள் உணவும் ஆக்சிஜனும் குறைவதால், அடியில் உள்ள கிருமிகள் பெருகுவதை நிறுத்தி உறங்குவதுபோல் கிடக்கின்றன. நம்முடைய நுண்ணுயிர்க்கொல்லிகளுள் பெரும்பாலானவை பெருகும் கிருமியைத்தான் கொல்லும். ஆகவே எங்கள் தட்டில் ஒரு மருந்துக்கு எளிதில் மடியும் கிருமி, உலோகத்தின் மேல் ஒட்டியிருக்கும்போது அதே மருந்தைப் பல மடங்கு அதிகமான அளவிலும் தாங்கிக்கொள்கிறது. ‘மருந்துக்குக் கட்டுப்படும்’ என்று நான் எழுதி அனுப்பிய அறிக்கை பொய்யானது அன்று. அது வேறொரு நிலையில் வாழும் கிருமியைப் பற்றியது. இந்த வேறுபாட்டை எங்கள் அறிக்கைகள் சொல்வதில்லை என்பது எனக்கு நீண்ட நாளாக உள்ள மனக்குறை.

மருந்துகளால் இங்கே ஒன்றும் ஆகாது என்பது இதன் பொருளாகாது. சிம்மர்லி குழுவினர் 1998இல் வெளியிட்ட சோதனையில், சிப்ரோஃபிளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியுடன் ரிஃபாம்பிசின் என்ற மற்றொன்றையும் சேர்த்து எடுத்து முழுக் காலமும் முடித்த 12 பேரும் குணமானார்கள். சிப்ரோஃபிளாக்சசின் மட்டும் எடுத்த 12 பேரில் 7 பேரே குணமானார்கள். உயிர்ப்படலத்துக்குள்ளும் வேலை செய்யும் மருந்து ஒன்றைச் சேர்த்ததால் விளைந்த பயன் அது. ஆனால் தொற்று புதிதாக இருந்து, மூட்டு ஆட்டங்காணாமல் இருந்து, கிருமி ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுவதாகவும் இருந்தால்தான் அந்த வழி திறந்திருக்கும். பிரான்சில் நடந்து 2021இல் வெளியான பெரிய சோதனையில், நுண்ணுயிர்க்கொல்லியை 6 வாரம் எடுத்தவர்களில் 18.1 விழுக்காட்டினருக்கும் 12 வாரம் எடுத்தவர்களில் 9.4 விழுக்காட்டினருக்கும் தொற்று தொடர்ந்தது. மூட்டை எடுக்காமல் சுரண்டிக் கழுவியவர்களிடையே அந்த எண்கள் இன்னும் மோசமாக இருந்தன. நல்ல கைகளில், நல்ல மருந்துகளோடு, முழுக் காலமும் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கே இது.

இந்த இடத்தில்தான் ஃபேஜ் பேச்சுக்கு வருகிறது. பாக்டீரியாவைத் தாக்கிப் பெருகும் வைரஸே பாக்டீரியோஃபேஜ். 1915இல் ஃபிரெடெரிக் டுவார்ட் அதன் அடையாளத்தைக் கண்டார். 1917இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டெரெல் அதற்குப் பெயரிட்டு, அதை மருந்தாக்கலாம் என்று துணிந்தார். 1921இல் பெல்ஜியத்தின் லூவனில் புருய்னோக், மெசின் இருவரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் உண்டாக்கிய கட்டிகளைச் சுற்றி ஃபேஜைச் செலுத்திப் பயன் கண்டதாக எழுதினார்கள். பெனிசிலின் கண்டறியப்படுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி அது. 1923இல் தொடங்கிய, ஜார்ஜியா நாட்டுத் திபிலிசி நகரின் எலியாவா நிறுவனமும், போலந்தின் விரோத்ஸ்வாஃப் நகரத்து ஹிர்ஸ்ஃபெல்ட் நிறுவனமும் இந்த அறிவை விடாமல் காத்தன. மற்ற நாடுகள் அதைக் கைவிட்டதற்குப் பெனிசிலின் மட்டுமே காரணம் அன்று. அன்றைய தயாரிப்புகள் பல தூய்மையற்றவை. சிலவற்றில் உயிருள்ள ஃபேஜே இல்லை. எந்தக் கிருமிக்கு எந்த ஃபேஜ் என்று பொருத்திப் பார்க்காமலே விற்கப்பட்டன. ஒப்பிடக் கட்டுப்பாட்டுக் குழு இன்றி வெற்றிகள் பறைசாற்றப்பட்டன. அதே தவறுகளை இன்று மீண்டும் செய்தால், இன்னொரு நூறாண்டுக்கு இந்த வாசல் அடைபட்டுவிடும் என்று அஞ்சுகிறேன்.

ஃபேஜ் உயிர்ப்படலத்தை எதிர்கொள்ளும் முறை மருந்தின் முறையிலிருந்து வேறானது. பல ஃபேஜ்களின் வால் நுனியில் கிருமியின் சர்க்கரை உறையை அறுக்கும் நொதிகள் உள்ளன. உள்ளே நுழைந்த ஃபேஜ் கிருமியின் உயிர்வேதியியலைத் தன்வசப்படுத்தி, தன்னைப் போன்ற பலவற்றை அங்கேயே உருவாக்கி, கிருமியின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. வெளிவந்தவை அடுத்த கிருமியைத் தேடுகின்றன. கிருமி இருக்கும்வரை பெருகி, கிருமி தீர்ந்ததும் தானும் குறைந்துவிடும் மருந்து நம்மிடம் வேறு எதுவும் இல்லை. பெருகாமல் உறங்கும் கிருமிகளை ஃபேஜாலும் எளிதில் அழிக்க முடிவதில்லை. எலும்பு செல்களுக்குள் ஒளிந்திருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸை அது சென்றடைவதும் கடினம். ஆகவே உங்கள் கத்திக்கு மாற்றாக ஃபேஜை நான் முன்வைக்கவில்லை. நீங்கள் சுரண்டிக் கழுவி, உறையைக் கிழித்து, கிருமியின் எண்ணிக்கையைக் குறைத்த பிறகு எஞ்சியிருப்பதைத் தேடிச் செல்லும் துணையாகவே கருதுகிறேன். அறுவை மோசமாக நடந்த இடத்தில் ஃபேஜ் எதையும் சரிசெய்யாது.

இதுவரை கிடைத்துள்ள அனுபவம் என்ன சொல்கிறது? பிரான்சின் லியோன் நகரில் திரிஸ்தான் ஃபெரியின் குழு, முழங்கால் மூட்டில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தொற்று திரும்பத் திரும்ப வந்த மூன்று நோயாளிகளைப் பற்றி 2020இல் எழுதியது. மூட்டை எடுக்காமல் சுரண்டிக் கழுவி, காயத்தை மூடும் தறுவாயில் ஃபேஜ் கலவையை மூட்டுக்குள் செலுத்தி, நுண்ணுயிர்க்கொல்லியையும் தொடர்ந்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மருத்துவர்கள் 2021இல் வெளியிட்ட கட்டுரையில், கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் தொற்றால் காலையே அகற்றலாம் என்ற நிலைக்கு வந்திருந்த ஒருவருக்கு, அவருடைய கிருமிக்கேற்ற ஒரே ஃபேஜைச் சிரை (குருதிக்குழாய்) வழியாக 40 முறை செலுத்தி, காலையும் மூட்டையும் காப்பாற்றியதை விவரித்தார்கள். அவரும் மினோசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தார். இத்தகைய கதைகள் நம்பிக்கை தருகின்றன. கூடவே ஒரு சிக்கலையும் காட்டுகின்றன: அறுவையும் மருந்தும் ஃபேஜும் ஒன்றாகச் செய்யப்படும்போது, குணமானதற்கு எது காரணம் என்று தனி நோயாளிகளின் கதைகளால் ஒருபோதும் பிரித்துச் சொல்ல முடியாது.

இவற்றைவிட என் மனத்தில் நிற்பது பெல்ஜியத்தின் ராணி ஆஸ்ட்ரிட் ராணுவ மருத்துவமனையை மையமாகக் கொண்ட குழு 2024இல் வெளியிட்ட தொகுப்பு. 12 நாடுகளில் 35 மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 100 பேரை, நல்லதைப் பொறுக்கியெடுக்காமல், வந்த வரிசையிலேயே எழுதினார்கள். நுரையீரல், தோல், எலும்பு என்று பல உறுப்புகளின் தொற்றுகள் அதில் அடக்கம். 77.2 விழுக்காட்டுத் தொற்றுகளில் நோய் தணிந்தது, 61.3 விழுக்காட்டில் குறிவைத்த கிருமி ஒழிந்தது. நுண்ணுயிர்க்கொல்லி சேர்க்காமல் ஃபேஜ் மட்டும் கொடுத்த இடங்களில் கிருமி ஒழியும் வாய்ப்பு 70 விழுக்காடு குறைவாக இருந்தது. ‘மருந்து தோற்றுவிட்டது, இனி ஃபேஜ்தான்’ என்று பேசுபவர்கள் இந்தக் கடைசி வரியை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

மருந்தும் ஃபேஜும் ஒன்றையொன்று தாங்கும் விதத்தை யேல் பல்கலைக்கழகத்தார் 2016இல் அழகாகக் காட்டினார்கள். ஒரு குளத்திலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த ஃபேஜ், சூடோமோனாஸ் கிருமி மருந்தை வெளியே தள்ளப் பயன்படுத்தும் குழாயையே பிடித்துக்கொண்டு அதன் உடலுக்குள் நுழைகிறது. ஃபேஜிடமிருந்து தப்ப வேண்டுமானால் கிருமி அந்தக் குழாயை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிக்கொண்டால் பழைய மருந்துக்கு மீண்டும் மடிகிறது. எல்லா ஃபேஜுக்கும் இந்தக் குணம் இல்லை. ஆனால் எந்த ஃபேஜுக்கு உண்டு என்பதை நோயாளியின் கிருமி ஆய்வகத்தில் இருந்தால்தான் சோதித்தறிய முடியும்.

தோல்விகளும் நமக்கு உண்டு. அவற்றை மறைத்து உங்களிடம் பேசுவது நேர்மையாகாது. தீக்காயத் தொற்றுகளில் நடந்து 2019இல் வெளியான ஃபேகோபர்ன் சோதனையில், தயாரித்து வைத்த ஃபேஜின் வீரியம் சேமிப்பிலேயே சரிந்து, நோயாளிகளுக்குத் திட்டமிட்டதைவிட மிகமிகக் குறைந்த அளவே போய்ச்சேர்ந்தது. வழக்கமான வெள்ளிக் களிம்பே அங்கே விரைவாகப் பயன்தந்தது. சிரை வழியாக ஃபேஜ் பெற்ற ஒரு செயற்கை மூட்டு நோயாளிக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்து சிகிச்சையை நிறுத்த வேண்டியிருந்ததை 2020இல் ஒரு குழு வெளிப்படையாக எழுதியது. நிறுத்தியதும் அவை இறங்கின. பல நாட்கள் செலுத்தினால் உடலே ஃபேஜுக்கு எதிராக நோயெதிர்ப்புப் புரதங்களை உருவாக்கி அதை முடக்கக்கூடும். கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம் எதிர்க் கிருமிகளில் வளர்த்த ஃபேஜைச் சரியாகத் தூய்மைப்படுத்தாவிட்டால், உடைந்த கிருமிகளின் நச்சுப்பொருளான எண்டோடாக்சினும் நோயாளியின் குருதிக்குள் போகும். சிமெண்ட் இறுகும்போது எழும் வெப்பம் அதற்குள் கலந்த ஃபேஜை அழிக்கக்கூடும் என்பதால், நுண்ணுயிர்க்கொல்லியைக் கலப்பதுபோல் எண்ணி அதைச் செய்துவிட முடியாது. இவையெல்லாம் கட்டுப்படுத்தக்கூடிய இடர்கள். கட்டுப்படுத்த அவகாசம் வேண்டும்.

அவகாசம் என்ற அந்த ஒரு சொல்லில்தான் என் வேண்டுகோள் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஃபேஜ் தன் கிருமியை மிகக் குறுகிய வட்டத்துக்குள் தேர்ந்தெடுக்கும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸைத் தாக்கும் சில ஃபேஜ் வகைகள் அந்த இனத்தின் பெரும்பகுதியைக் கொல்லக்கூடியவை என்பதால், முன்கூட்டியே தயாரித்து வைத்ததிலிருந்து பொருத்தமானது கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. கிளெப்சியெல்லாவில் நிலைமை வேறு; அதன் வெளியுறை வகைக்கு வகை மாறுவதால் ஒருவருடைய கிருமியைக் கொல்லும் ஃபேஜ் இன்னொருவருடையதைத் தொடாமலே போகலாம். அப்போது சேகரிப்புகளைத் துழாவ வேண்டும். அங்கும் இல்லையென்றால் சாக்கடை நீரிலிருந்து புதிதாகப் பிரித்தெடுக்க வேண்டும். கிடைத்த ஃபேஜின் மரபணுத் தொகுதியைப் படித்து, அதில் நச்சு மரபணுவோ, கிருமியின் டிஎன்ஏவுக்குள் ஒளிந்துகொள்ளும் இயல்போ இல்லை என்று உறுதிசெய்து, பெருக்கி, தூய்மைப்படுத்தி, வீரியத்தை எண்ணி, கிருமிநீக்கம் சோதித்து முடிக்க வாரங்கள் ஆகும். சில நேரம் மாதங்களும் ஆகும். காலை எடுக்க நாள் குறித்துவிட்டு எங்களைக் கேட்டால், இவற்றுள் எதற்கும் நேரமிருக்காது.

நேரம் இருக்கும் இடங்களை உங்கள் சிகிச்சை முறையே வைத்திருக்கிறது. இரண்டு கட்ட மறு அறுவையில் மூட்டை எடுத்ததற்கும் புதியதைப் பொருத்துவதற்கும் இடையே வாரங்களோ மாதங்களோ கழிகின்றன. அந்த இடைவெளியில் ஃபேஜைத் தேடிப் பொருத்திச் சோதித்து முடித்துவிட்டால், புதிய மூட்டை வைக்கும் நாளில் அது உங்கள் அறுவை மேசையருகே இருக்கும். நாள்பட்ட தொற்றைத் தொடர் மாத்திரையால் அடக்கி வைத்திருக்கும் நோயாளிகளுக்கும் அவசரம் இல்லை, நிதானமாகத் தேடலாம். அறுவை முடிந்த சில வாரங்களில் திடீரென வரும் தொற்றில்தான் நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கும்; அங்கே முன்தயாரிப்பான ஸ்டாஃபிலோகாக்கஸ் ஃபேஜ் மட்டுமே உதவும். முதல் அறுவையில் எடுத்த கிருமி உறைகலத்தில் இருந்தால், அந்தத் தொற்று பிறகு திரும்பும்போதாவது நாம் வெறுங்கையுடன் நிற்க மாட்டோம்.

சட்டமும் விதிகளும் இடங்கொடுக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஒழுங்குமுறை அமைப்புகளும் இதைப் படித்தால் மகிழ்வேன். பெரும்பாலான இடங்களில் ஃபேஜ் இன்னும் அங்கீகரிக்கப்பட்ட மருந்தாகவில்லை. வேறு வழியே இல்லை என்று காட்டினால்தான் கருணை அடிப்படையில் அனுமதி கிடைக்கிறது. பார்வைக்கு எச்சரிக்கையாகத் தோன்றும் இந்த விதி, செயலில் ஒரு வட்டத்துக்குள் நம்மை அடைத்துவிடுகிறது. ஐந்தாறு அறுவைக்குப் பின், எலும்பு கரைந்து, திசு வடுவாகி, குருதியோட்டம் குன்றிய மூட்டுக்குத்தான் ஃபேஜ் அனுமதிக்கப்படுகிறது. அங்கே அது தோற்றால் ஃபேஜ் பயனற்றது என்கிறோம். வென்றால் ஒற்றைக் கதை, ஆதாரமாகாது என்கிறோம். முதல் மீள்தொற்றிலேயே, திசு நல்ல நிலையில் இருக்கும்போது, அறுவையும் மருந்தும் மட்டும் பெறுவோர், அவற்றோடு ஃபேஜும் பெறுவோர் என்று குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சோதனைகளால்தான் இந்த வட்டத்தை உடைக்க முடியும். அவற்றைக் கேட்டுப் பெற உங்களைவிட வலுவான குரல் யாருக்கும் இல்லை.

வழிகாட்டும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால், ஒரு குறிப்பிட்ட நோயாளிக்காக மருந்தாளுநர் தயாரித்துத் தரும் மருந்து என்ற பழைய சட்டப்பிரிவுக்குள் ஃபேஜைக் கொண்டுவந்து, ஒவ்வொரு ஃபேஜ் தொகுதியின் தரத்தையும் தனி ஆய்வகம் சரிபார்க்கும் ஏற்பாட்டைப் பெல்ஜியம் 2018இல் செய்தது. கிருமிக்குக் கிருமி மாறும் ஒரு மருந்தை, கோடிக்கணக்கில் ஒரே அச்சில் வார்க்கும் மாத்திரைக்கான விதியால் அளக்க முடியாது என்பதை அவர்கள் முதலில் ஒப்புக்கொண்டார்கள். ஐரோப்பிய மருந்துத் தரநூலும் 2024இல் ஃபேஜ் தயாரிப்புகளுக்கென ஒரு பொது அத்தியாயத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே, உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனத்தில் 37ஆம் பத்தி, நிரூபிக்கப்பட்ட வழிகள் இல்லாதபோதோ பயன் தராதபோதோ, வல்லுநர் அறிவுரையும் நோயாளியின் ஒப்புதலும் பெற்று, நிரூபிக்கப்படாத சிகிச்சையை முயல மருத்துவருக்கு இடம் தருகிறது. அதே பத்தி அந்த முயற்சியைப் பின்னர் ஆய்வுக்கு உட்படுத்தவும், கிடைத்த செய்தியைப் பதிவுசெய்யவும், பொருத்தமான இடத்தில் வெளியிடவும் சொல்கிறது. முற்பகுதியை மேற்கோள் காட்டுபவர்களுள் எத்தனை பேர் பிற்பகுதியை நிறைவேற்றுகிறார்கள் என்று எண்ணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

தோற்ற முயற்சிகளை எழுதுங்கள் என்பது என் இரண்டாவது வேண்டுகோள். எந்தக் கிருமி, எந்த ஃபேஜ், எவ்வளவு வீரியம், மூட்டுக்குள்ளா சிரை வழியா, எத்தனை நாள், உடன் என்ன மருந்து, அறுவையில் உலோகத்தை மாற்றினீர்களா அல்லது பிளாஸ்டிக் பகுதியை மட்டுமா, திரும்பி வந்த கிருமி பழையதேயா, அது ஃபேஜுக்கு எதிர்ப்புப் பெற்றிருந்ததா என்ற விவரங்கள் ஒரே படிவத்தில் ஒரே பதிவேட்டில் சேர வேண்டும். உங்கள் சங்கங்கள் பொருத்திய மூட்டுகளுக்குப் பதிவேடு நடத்திப் பழகியவை. எந்த உலோகம் எத்தனை ஆண்டு தாங்கியது என்று உலகுக்குச் சொன்னவை அந்தப் பதிவேடுகளே. அவற்றோடு சில பத்திகளைச் சேர்ப்பது உங்களுக்குப் புதிய வேலையாக இருக்காது.

நோயாளிகளிடம் பேசும்போது சொல்லை அளந்து பேசுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கணக்கில் சீழோடு வாழ்ந்தவர்கள் ஃபேஜ் என்ற சொல்லைக் கேட்டதும் கடனை வாங்கியாவது தொலைதூரம் புறப்படத் தயாராக இருக்கிறார்கள். அவர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்: இது இன்னும் ஆய்வுநிலையில் உள்ளது, அறுவையையும் மருந்தையும் தவிர்க்க உதவாது, அவர்களுடைய கிருமிக்குப் பொருந்தும் ஃபேஜ் கிடைக்காமலும் போகலாம். ‘அதெல்லாம் இல்லை’ என்று ஒரே சொல்லில் கதவை மூடிவிடவும் வேண்டாம். அப்படி மூடப்பட்டவர்கள் கிருமியைச் சோதிக்காமலே குப்பிகளில் விற்கப்படும் கலவைகளைத் தேடிப் போகிறார்கள்.

இனி, நடைமுறைக்கு வருகிறேன். நீங்கள் இப்போதே தனித்தனிக் கருவிகளால் ஐந்தாறு இடங்களிலிருந்து திசு எடுத்து அனுப்புகிறீர்கள். அந்த வழக்கம் தொடரட்டும். இயலுமானால் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே நுண்ணுயிர்க்கொல்லியை நிறுத்தி வையுங்கள். நோயாளியின் நிலை இடம் தராவிட்டால் வற்புறுத்த மாட்டோம். எடுத்த உலோகத்தையும் பாலிஎதிலீனையும் தூக்கி எறியாமல் மூடிய கலத்தில் அனுப்பினால், மீயொலியால் அதிலிருந்து உயிர்ப்படலத்தை உதிர்த்து வளர்ப்போம். ஒரே மூட்டில் ஒரே கிருமியின் வேறுபட்ட வடிவங்கள் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். மெல்ல வளரும் குட்டிக் கூட்டங்களை அசுத்தம் என்று ஒதுக்கிவிடும் பிழையும் எங்கள் பக்கம் நடந்திருக்கிறது. இனி அவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக, கிளிசரால் கலந்து, கழித்தல் 80 டிகிரி செல்சியஸில் உறையவைப்போம். ஒரு நோயாளியின் எல்லாக் கிருமிகளும் சேர்ந்து விரல் நீளக் குழாய்கள் சிலவற்றுக்குள் அடங்கிவிடும். உறைகலத்தில் அவை பிடிக்கும் இடத்தைப் பற்றி யாராவது குறைபட்டால், தொடையளவில் அகற்றப்பட்ட அந்தக் காலை நினைத்துக்கொள்வேன்.

உங்களிடமிருந்து வேண்டியது மாதிரிப் படிவத்தில் ஒரு வரிதான்: ‘செயற்கை மூட்டு, வளரும் கிருமியைச் சேமிக்கவும்.’ அந்த வரி இருந்தால் எங்கள் ஆய்வகத்தில் எந்தப் புதிய பணியாளரும் அந்தத் தட்டை ஆட்டோகிளேவுக்குக் கொண்டுபோக மாட்டார். அடுத்த மறு அறுவைக்கு நீங்கள் நாள் குறிக்கும்போது எங்களைத் தொலைபேசியில் அழைத்தால், அதே கிருமியை எழுப்பி, ஃபேஜ் சேகரிப்பு வைத்திருப்பவர்களுக்கு அன்றே அனுப்பிவைப்போம்.

இப்படிக்கு,
நீங்கள் அனுப்பும் குப்பிகளுக்காகக் காத்திருக்கும் ஒரு நுண்ணுயிரியலாளர்